சென்பாய்க்கு எந்த ‘முன்மாதிரி’?

அன்புள்ள தம்பிக்கு,

பணி ஓய்வு பெறும் உன் சென்பாய்க்காக, அதாவது பணியில் உனக்கு மூத்தவருக்காக, அலுவலகத்தில் கைமாறி வரும் ஷிகிஷி என்னும் வாழ்த்து அட்டையில் ‘நீங்கள் எனக்கு முன்மாதிரி’ என்று ஜப்பானிய மொழியில் எழுத மிஹோன், மொஹான், தெஹோன் ஆகியவற்றுள் எது பொருந்தும் என்று கேட்டிருந்தாய். தெஹோன் என்றே எழுது. முன்னால் மரியாதைக்குரிய ‘ஓ’ சேர்த்து ஓதெஹோன் என்றால் இன்னும் நன்று.

துணிக்கடையில் காட்டும் துண்டுத் துணியையும், தேர்வுக்கு முன் தரும் வினாத்தாளையும், பின்பற்றத்தக்க மனிதரையும் நாம் ‘மாதிரி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். ஜப்பானியரோ, பார்ப்பவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பதையும் பெரும்பாலும் கணக்கில் கொள்கிறார்கள். மிஹோன் என்பது பார்த்துத் தெரிந்துகொள்வதற்கானது; வணிகக் கண்காட்சிக்கு மிஹோன் இச்சி என்று பெயர், அஞ்சலில் செல்லாத மாதிரித் தபால்தலையின் மேல் அச்சிடப்படுவதும் இச்சொல்லே. மனிதரையும் மிஹோன் என்பதுண்டு, பிழையில்லை. ஆனாலும் சரக்கின் வாடை முழுதாகப் போவதில்லை.

மொஹான் விறைப்பான சொல். பயிற்சி நூல்களில் வரும் மாதிரி விடை மொஹான் கைத்தோ; சிறையில் நன்னடத்தைக்குப் பெயர் வாங்கிய கைதி மொஹான்ஷூ. யாரோ மேலிருந்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்த தொனி அதில் இருப்பதால், மேடைப் பாராட்டுரைக்குப் பொருந்தினாலும், இளையவன் தன் கையால் எழுதும் இரண்டு வரிக்கு அது ஒட்டாது.

தெஹோனில் உள்ள ‘தே’ கையைக் குறிக்கும். தூரிகை எழுத்து வகுப்பில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு எங்கே அழுந்தி நிற்கிறது, எங்கே துள்ளி எழுகிறது, எங்கே மெலிந்து ஓடி மறைகிறது என்று பார்த்துப் பார்த்து மாணவர் எழுதுவார். அந்தத் தாள்தான் தெஹோன். எனவே ஒருவரைத் தெஹோன் என்னும்போது, அவரைப் புகழ்வதோடு, அவர் செய்தபடி நானும் செய்து பழகுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறாய்.

காகாமி என்ற சொல்லையும் எங்கோ கண்டு வியந்திருந்தாய். ‘புஷி நோ காகாமி’ என்றால் சாமுராய்களுக்கே இலக்கணமானவர். அந்த உயரம் ஓய்வு விழா அட்டைக்கு அதிகம். தவிர, கண்ணாடிக்கும் அதே ஒலிதான், எழுத்து மட்டுமே வேறு: ‘ஓயா நோ காகாமி’யை ஓர் எழுத்தில் எழுதினால் பெற்றோருக்கெல்லாம் எடுத்துக்காட்டானவர், மற்றதில் எழுதினால் பெற்றோரைக் காட்டும் கண்ணாடி. தென்கெய் பக்கம் போகவே வேண்டாம். அது வகைமாதிரி, தோல்விக்கும் நோய்க்கும்கூட வரும். யாரைப் பார்த்து ‘இப்படி இருக்கக் கூடாது’ என்று கற்கிறோமோ அவருக்கு ஹன்மென் க்யோஷி என்ற அருமையான பெயர் இருக்கிறது. அதை எந்த அட்டையிலும் எழுதிவிடாதே.

‘கொரே கரா மோ, சென்பாய் ஓ ஓதெஹோன் நி கம்பரிமஸ்’ என்று எழுது. இனியும் உங்களைப் பார்த்தே முயல்வேன் என்று பொருள்படும். ‘தெஹோன் தெஸ்’ என்று முடிப்பதைவிட இப்படி வினையோடு முடிப்பதே இயல்பு. பலரும் எழுத வேண்டிய அட்டையில் இடமும் அவ்வளவுதான் கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணன்