சுவரில் வரையப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

புனேயில் அந்தக் குடியிருப்புச் சுவர்களில் ஓவியம் வரையப் போகிறோம் என்று அவ்வளவு ஆசையாகச் சொன்னாய், அப்புறம் கூட வேலை செய்கிறவரே "இந்தப் பெயிண்ட் காசில் தண்ணீர்க் குழாய் போடலாமே" என்று கேட்டதும் சுருதி இறங்கிவிட்டது. கேள்வி நியாயம்தான். ஆனால் குழாய் போட வேண்டியது மாநகராட்சி, அதை அவர்களிடம் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். குழாய் வந்தாலும் தீராத கஷ்டம் ஒன்று இருக்கிறது, அதை நான் நம்ம சென்னைக் கண்ணகி நகரில் பார்க்கிறேன்.

2000-த்தில் தொடங்கி, ஊருக்குள் ஆற்றோரமும் ரோட்டோரமும் குடியிருந்தவர்களை அங்கிருந்து கிளப்பி ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். பிழைப்பு ஓரிடம், வீடு ஓரிடம். அதைவிடக் கொடுமை, கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள், பிள்ளைகள் துரைப்பாக்கம் என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020-ல் அங்கே பிளாக் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. போய்ப் பார்த்தால், மாடி உயரத்துக்கு ஒரு முகம், அதன் கன்னத்தில் யார் வீட்டு ஜன்னலோ, கம்பியில் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது, கீழே குடங்கள் வரிசையில் நிற்கின்றன. தண்ணீர்க் கஷ்டம் அப்படியே இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ் செய்தியில் மட்டும் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் ஓவியம் பார்க்க உள்ளே வந்தார்கள், அங்கே இருப்பவர்களோடு நின்று பேசினார்கள். இது குழாயால் ஆகாது.

இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரிலும் அப்படித்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்காதீர்கள் என்று சொல்ல வெறும் முகங்களை வரைந்திருக்கிறார்கள். யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்லவே முடியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வரையப் போகும் குடியிருப்பு ஜனங்களுக்குப் புத்தி சொல்கிற படம் வேண்டாம். குப்பை லாரியே எட்டிப் பார்க்காத தெருவில் "குப்பை போடாதீர்கள்" என்று எழுதினால் அது அவமானப்படுத்துவது, எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். அவர்களை ஒதுக்கி வைத்திருக்கும் வெளியாட்கள் பார்க்கட்டும் என்று வரையுங்கள். முதலில் நாலு நாள் சும்மா போய் உட்கார், யார் முகம், எந்தச் சுவர் என்று அங்கே இருக்கிற பெண்கள் சொல்லட்டும், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு வரைய மனசு வேண்டும். பிள்ளைகள் கையில் பிரஷ் கொடுங்கள், போட்டோவுக்காக அஞ்சு நிமிஷம் இல்லை, முழுசாக. கீழே உங்கள் பெயர் போடுவதாக இருந்தால் அவர்கள் பெயரும் சேர்ந்து இருக்கட்டும்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். சாரத்தில் ஏறும்போது பெல்ட் இல்லாமல் ஏறாதே, அப்பா தினமும் அதையே கேட்கிறார்.

அம்மா