இயல்பான மரணத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழைப் பிரித்தால் மரணம் இல்லாத பக்கம் குறைவு. விபத்து, கொலை, வெள்ளம், போர் என்று நாள்தோறும் அது நம் கண்ணில் படுகிறது. ஆனால், நம்மில் மிகப் பலருக்கு நேரப்போகிற மரணம், அதாவது முதுமையிலோ நெடுநாள் நோயிலோ படிப்படியாக வந்து சேர்கிற மரணம், எப்படி இருக்கும் என்பதைச் செய்தித்தாள்கள் எழுதுவது அரிது. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலும், "நல்லதைப் பேசு" என்று வாயை அடைத்துவிடுகிறோம். சாவு என்றாலே இரத்தமும் அலறலுமாக நம் மனத்தில் பதிந்துபோனதற்கும், பலரை நள்ளிரவில் திடுக்கிட்டு எழச் செய்கிற மரண பயத்துக்கும் இந்த மௌனம் முக்கியமான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயப்படுகிறவரிடம், "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?" என்று பொறுமையாகக் கேட்டுப் பார்த்தால், ஆளுக்கு ஒரு பதில் வரும். தாம் அடியோடு இல்லாமற்போவதை எண்ணி ஒருவர் நடுங்குவார். வலியிலும் மூச்சுத்திணறலிலும் சாக நேருமோ என்பது இன்னொருவரின் கவலை. மூன்றாமவருக்கோ தம் பிள்ளைகள் யாரை நம்பி நிற்பார்கள் என்பதைத் தவிர வேறு எண்ணமே இராது. இவர்கள் எல்லாரிடமும் "பயப்படாதே" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொல்லால் யாருக்கும் பயம் தீர்வதில்லை. பயந்தவரிடம் பேச ஆள் இல்லாமற்போவதுதான் மிச்சம்.

இல்லாமற்போவதைப் பற்றிய அச்சத்துக்குத் தத்துவம் விடை தேடியிருக்கிறது. கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் எபிகியூரஸ், நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, ஆகவே அதனால் நமக்குத் தீங்கில்லை என்று வாதிட்டார். சிலருக்கு இது உண்மையாகவே நிம்மதி தருகிறது. ஆயினும், குழந்தைகளை எண்ணிக் கலங்கும் ஒரு தாய்க்கு இந்த வாதம் என்ன ஆறுதல் தரும்? எபிகியூரஸின் வாதத்தைவிட அவருடைய முடிவே என்னை அதிகம் தொடுகிறது. சிறுநீர்க் கோளாற்றின் கடும் வலியோடு கிடந்த கடைசி நாளிலும், நண்பரோடு முன்பு நடத்திய உரையாடல்களின் நினைவு அந்த வலியை ஈடுசெய்வதாக அவர் கடிதம் எழுதினார் என்றும், இறந்துபோன வேறொரு நண்பரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு அதில் வேண்டினார் என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன.

என் கருத்தில், நம்மில் பெரும்பாலோரை வாட்டுவது சாவைவிடச் சாகும் விதத்தைப் பற்றிய அச்சமே. அறிவால் குறைக்கக்கூடிய அச்சமும் அதுதான். நோய் முற்றியோ முதுமையாலோ இறப்பவர்கள் கடைசி நாட்களில் வரவர அதிகமாக உறங்குகிறார்கள்; உணவும் நீரும் வேண்டாம் என்கிறார்கள். உடல் அடங்கிவருவதால் பசி எடுக்காத நிலை அது. பட்டினியின் துன்பம் அதில் பொதுவாக இருப்பதில்லை. கைகால்கள் குளிர்கின்றன. மூச்சு சீரற்று, இடையிடையே நின்று, மீண்டும் தொடர்கிறது. விழுங்கும் வலிமை குறைவதால் தொண்டையில் எழும் ஒலி சுற்றி நிற்பவர்களைக் கலங்கடிக்கிறது. ஆனால் அந்நேரத்தில் பெரும்பாலும் நினைவிழந்திருக்கும் நோயாளி அதை உணர்வதில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். இதை முன்பே அறிந்திருக்கிற குடும்பம் பதறி ஓடாமல் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும்.

வலி எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் கட்டுப்படுத்தக்கூடியதே. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், அது தலைதூக்கும் முன்பே குறித்த நேரத்தில் மார்பின் என்ற வலிநீக்கி மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார். உடல் நோவோடு மனத்தின் துயரமும், குடும்பக் கவலையும், வாழ்வின் பொருள் குறித்த தவிப்பும் கலந்ததே நோயாளியின் முழு வலி என்ற பார்வையும் அவர் தந்ததே. பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை இன்று உலகெங்கும் அந்த வழியில்தான் நடக்கிறது.

இச்சிகிச்சைக்குச் சம்மதிப்பது உயிரைக் கைவிடுவதாகும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது தவறு. உடலில் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. தொடக்கத்திலேயே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 11.6 மாதங்களாகவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுடையது 8.9 மாதங்களாகவும் இருந்தன. முன்னவர்களிடம் மனச்சோர்வும் குறைவாகக் காணப்பட்டது. ஆனால், இச்சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலியோடு சாவதைக் கண்டவர்கள் சாவுக்கு அஞ்சுவதில் வியப்பே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு, உயிர்க்கொல்லி நோய் கொண்டவர்கள் தங்கள் இறுதிக் காலத்தில் எழுதியவற்றை, அந்நிலையில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு நலமானவர்கள் எழுதியவற்றோடு ஒப்பிட்டது. நோயாளிகளின் எழுத்தில்தான் அன்பு, மகிழ்ச்சி போன்ற நல்லுணர்வுகளைக் காட்டும் சொற்கள் அதிகமாக இருந்தன. தொலைவிலிருந்து பார்க்கிறவரையே மரணம் அதிகமாக மிரட்டுகிறது போலும். மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பது, துக்க வீடுகளைத் தவிர்ப்பது, நாடியை ஓயாமல் தொட்டுப் பார்ப்பது ஆகியவை பயத்துக்குத் தீனி போடுகின்றன. பிள்ளைகளின் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி எழுதிவைத்தவருக்கு அந்தப் பயத்தின் பெரும்பகுதி அன்றே இறங்கிவிடும். உறக்கத்தையும் அன்றாட வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் பயம் நீடித்தால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ தயங்காமல் நாட வேண்டும். சிந்தனைப் பழக்கங்களை மாற்றும் பயிற்சியும், அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பயிற்சியும் இதற்கு நல்ல பலன் தருகின்றன.

எனவே, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் மருத்துவர்களையும், குறிப்பாக இரவு பகலாகப் பக்கத்தில் இருக்கிற செவிலியர்களையும் கொண்டு தங்கள் நாளிதழில் ஒரு தொடர் பகுதியைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாட்களில் உடலில் என்ன நிகழ்கிறது, மருத்துவரிடம் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தாத்தாவோ பாட்டியோ இறக்கப்போகிறார் என்பதைச் சிறு குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்பவற்றை அவர்களே எழுதட்டும். வாசகர்கள் பெயர் குறிப்பிடாமல் கேள்விகளை அனுப்பவும் அதில் இடம் இருக்க வேண்டும். இந்தப் பயத்தைத் தம் பெயரோடு வெளியில் சொல்லத் துணிகிறவர்கள் மிகச் சிலரே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்