செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

மதிப்புக்குரிய தலைவர், போஷகர்கள், செயற்குழுவினர், பெற்றோர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருடப் பொதுக்கூட்டத்தில், நம்முடைய அர்னிஸ் தடிக்கலை வகுப்பு இன்னொரு வருடம் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டவர்கள் இன்றும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தாக்குப்பிடித்துவிட்டது. அது எப்படி என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி. வாசிகசாலை, இரத்ததான முகாம், வாணி விழா எல்லாம் வழக்கம்போல நடந்தன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் சொல்வார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அர்னிஸ் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தடிக்கலை. எஸ்கிரிமா, காளி என்ற பெயர்களும் உண்டு. 2009 இல் அந்த நாடு 9850 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. வெள்ளவத்தைக்கு அது வந்து சேர்ந்தது நம் மாஸ்டரோடு. அவர் டோஹாவில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் வெள்ளிக்கிழமை லீவில் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பழகியது. இப்போது கோட்டையில் ஒரு கணக்குப் பிரிவில் இருக்கிறார். மாதக் கடைசியில் அவரைப் பிடிக்க முடியாது. உதவி மாஸ்டராக இருக்கும் அக்கா ஒரு தாதி. ரோஸ்டர் எப்படி விழுகிறதோ அப்படித்தான் அவருடைய வாரம். இருவரும் கழகத்திடம் ஒரு சதம்கூட வாங்குவதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வருடத்தின் பெரிய தீர்மானம் புதன்கிழமை மாலை வகுப்பை மூடியது. 6.30 என்று போட்டிருப்போம். கோட்டையிலிருந்தும் கொள்ளுப்பிட்டியிலிருந்தும் வருகிறவர்கள் காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்று, 7.15க்கு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார்கள். வந்ததும் வராததுமாகப் பிள்ளையின் வீட்டுப்பாடம் பற்றி வீட்டிலிருந்து கோல் வரும். மே மாதம் செயற்குழு கூடி, ஞாயிறு காலை 10.30 முதல் 12 வரை ஒரே வகுப்பு என்று முடிவெடுத்தது. ஞாயிறு காலையும் சும்மா கிடக்கிற நேரம் இல்லை. கோயில், பூசை, மீன்கடை, எட்டு மணி டியூஷன், இரண்டு மணி டியூஷன், நடுவில் சமையல். அந்த இரண்டு டியூஷனுக்கும் இடையில் கிடைத்த இடைவெளியில்தான் நுழைந்தோம். மத்தியானச் சாப்பாடு பிந்துகிறது என்ற முறைப்பாடு பல வீடுகளிலிருந்து வந்தது. சில வீடுகளில் ஞாயிறு சமையல் அப்பாவின் கைக்கு மாறியிருக்கிறது என்றும் கேள்விப்பட்டோம். அதன் ருசிக்குக் கழகம் பொறுப்பேற்காது.

நேரத்தை மாற்றியதைவிடப் பாடத்தை மாற்றியதுதான் பலன் தந்தது என்பது என் அபிப்பிராயம். முன்பு போன கிழமை விட்ட இடத்திலிருந்து இந்தக் கிழமை தொடங்கும். ஒரு தரம் வராதவர் பின்தங்குவார், இரண்டு தரம் வராதவர் வெட்கப்படுவார், மூன்றாம் தரம் பெயரையே வெட்டிவிடுவோம். வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற ஆட்களுக்கு இது எப்படிச் சரிவரும்? இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தனியாக நிற்கிற ஒரு பாடம். முதல் அரை மணி நேரம் எப்போதும் பன்னிரண்டு அடிகள். ஒன்றும் இரண்டும் நெற்றிப்பொட்டுக்கு, ஐந்து வயிற்றுக்குக் குத்து, பன்னிரண்டு உச்சந்தலைக்கு. இலக்கத்தைச் சொன்னால் கை போகவேண்டும், அவ்வளவுதான். பிறகு அன்றைக்கென்று ஒரே ஒரு விடயம்: ஒரு தடுப்பு, ஒரு கால்நகர்வு, அல்லது தடியைப் பறிக்கும் ஒரு முறை. ஆறு வாரத்தில் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். இரண்டு மாதம் மறைந்துவிட்டு வருகிறவரும் கதவைத் திறந்துகொண்டு வந்து வரிசையில் நிற்கலாம். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பதில்லை. பெயர் வெட்டும் விதியை ரத்துச் செய்தாகிவிட்டது.

இரண்டு மாஸ்டர்களும் வர முடியாத நாட்களுக்கும் ஒரு விதி வைத்தோம். மூத்த மாணவர் ஒருவர் பன்னிரண்டு அடியையும் காற்றில் மட்டும் எடுப்பார். தடியோடு தடி தொடக்கூடாது. சில இளைஞர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. இருக்கட்டும்.

சினவாலி என்ற ஜோடிப் பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கைக்கு ஒன்றாக இரண்டு தடி, எதிரே ஒரு ஜோடி. வலது, இடது, வலது, பிறகு அதையே மற்றப் பக்கம் என்று தடிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கும். தனியாகச் செய்ய முடியாது, ஆள் வேண்டும். ஜூலையில் ஒரு ஞாயிறு ஆட்கள் ஒற்றைப்படையாகிவிட்டார்கள். சுவரோரக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் மகளுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவிடம் மாஸ்டர் இரண்டு தடியை நீட்டினார். “ஐயோ, எனக்கு வேண்டாம் தம்பி” என்றார். மகள் அதற்குள் பையை வாங்கிக் கதிரையில் வைத்துவிட்டாள். முதல் சுற்றில் தடிகள் சந்திக்கவே இல்லை. மூன்றாம் சுற்றில் அம்மா, “மற்றக் கை, மற்றக் கை!” என்று மகளைத் திருத்துகிறார். “அம்மா, நீங்கள்தான் பிழை!” என்று மகள். உண்மையில் அம்மாதான் பிழை. ஆனால் அடுத்த கிழமை அவர் சேலையில் வரவில்லை, சல்வாரில் வந்தார். இப்போது அந்தச் சுவரோரக் கதிரைகளில் பாதி காலி. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் பலர் பிள்ளைக்கே ஜோடியாக நிற்கிறார்கள். சந்தா குடும்பத்துக்கு ஒன்றுதான் என்று செயற்குழு செப்டெம்பரில் தீர்மானித்தது இதனால்தான். பொருளாளருக்கு அது அவ்வளவு விருப்பமில்லை.

செப்டெம்பர் என்றதும் ஞாபகம் வருகிறது: அந்த மாதம் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு வகுப்பில்லை. 15 ஆம் திகதி ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. 22 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள், ஊரடங்கு மத்தியானம் வரை நீடிக்கப்பட்டது. அதற்கு முன்பு ஜூன் 2 ஆம் திகதி வெள்ளம். நவம்பர், டிசம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் யாரையும் காணவில்லை, காணவும் வேண்டாம் என்று நாங்களே சொன்னோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் போனதே, அது நம் வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். மின்விசிறிகள் நின்றன. கொழும்பின் பெப்ரவரிப் புழுக்கம் சொல்லத் தேவையில்லை. யன்னல்களைத் திறந்துவிட்டு 12 மணி வரை நடத்தி முடித்தோம். பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒரு புதிய கால்நகர்வுக்குக் “குரங்கு” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் தடுக்கவில்லை.

மின்விசிறி என்றதும் இன்னொரு விடயம். நமக்குச் சொந்தமாகச் சிலம்பம் இருக்க, பிலிப்பைன்ஸ்காரன் தடி எதற்கு என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சிலம்பக் கம்பு ஆளின் நெற்றி உயரம் வரும். இந்த மண்டபத்தில் அதைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் மின்விசிறி கீழே வரும். அர்னிஸ் தடி 28 அங்குலம், ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர். சின்னப் பிள்ளைகளுக்கு அதிலும் குறைவாக வெட்டிக் கொடுக்கிறோம். அடுக்குமாடி விறாந்தையில்கூடப் பழகலாம், கீழ்வீட்டுக்காரர் சம்மதித்தால். சிலம்பம் தெரிந்த ஒருவர் முன்வந்தால் கடற்கரையில் வகுப்பு வைக்கக் கழகம் தயார் என்று அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. யாரும் இன்னும் வரவில்லை.

தடி வாங்கிய கதையும் பதிவில் இருக்கட்டும். இறக்குமதித் தடி கட்டுப்படியாகாது. கண்டி வீதியில் வேவல்தெனிய, ரதாவடுன்னப் பக்கம் பிரம்புக் கதிரையும் கூடையும் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அங்கே போய் ஒரு அங்குலத் தடிப்பில், வளைவில்லாத பிரம்பு கேட்டோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எந்தப் பள்ளிக்கூடத்துக்கு?” என்றார். விளக்கம் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அளவுக்கு வெட்டி, வளைந்த இடத்தை நெருப்பில் காட்டி நிமிர்த்தித் தந்தார். விலையிலும் பார்த்துச் செய்தார்.

பிரம்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். மூங்கில் உள்ளே வெறுமை. உடைந்தால் கத்திபோல் கூராகப் பிளக்கும். தும்புத்தடிக் கம்பு கொண்டுவந்த ஒருவருடையது இரண்டாவது அடியிலேயே முறிந்து, துண்டு யன்னல் வரை பறந்தது. பிரம்பு உள்ளே நாராக நிறைந்திருக்கும். அடிபட அடிபட நாராகப் பிரியுமே தவிரச் சட்டென்று முறியாது. வேகமாக அடித்து முடித்த தடியை மூக்கருகே பிடித்தால் கருகல் வாசனை வரும். பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் முகர்ந்து பார்க்கிறார்கள். நார் பிரிந்த இடத்தில் டேப் சுற்றுவது அவரவர் பொறுப்பு. சிராய் கையில் ஏறினால் முறைப்பாடு செய்யவேண்டாம். கத்திப் பயிற்சிக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த கத்திகள்தான் பாவிக்கிறோம். அவையும் தடிகளும் மண்டப அலுமாரியில் பூட்டி வைக்கப்படும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பஸ்ஸில் யாரும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லை பாருங்கள்.

காயங்கள் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். விரல் மொளியில் பட்ட அடி, முழங்கையில் கன்றிப்போனது, இவ்வளவுதான். ஐஸ் கட்டியும் சித்தாலேபவும் போதுமாக இருந்தன. நம் மாஸ்டர் பழகியது பிலிப்பைன்ஸ் ஆசான் ரெமி பிரெசாஸ் வகுத்த நவீன அர்னிஸ். பழைய முறையில் எதிராளியின் கையைத்தான் அடிப்பார்கள், பயிற்சியிலும் அப்படித்தான். விரல் உடைந்தவர்கள் வகுப்பை விட்டுப் போனார்கள். பிரெசாஸ் பயிற்சியில் கைக்குப் பதிலாகத் தடியை அடிக்கும்படி மாற்றினார். ஒன்பது வயதுப் பிள்ளையும் நாற்பது வயது எழுதுவினைஞரும் ஞாயிறு பழகிவிட்டுத் திங்கள் காலை பேனை பிடிக்க முடிவது அந்த மாற்றத்தால்தான். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

சான்றிதழ், இடுப்புப் பட்டி பற்றிய விவாதம் இந்த ஆண்டும் ஓயவில்லை. நம் ஊரில் சான்றிதழ் இல்லாத எதையும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க முடியாது போலிருக்கிறது. 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸ் அர்னிஸில் 14 தங்கம் எடுத்ததைக் காட்டி, நாமும் போட்டிக்குப் போகலாமே என்று சில தந்தையர் கேட்டார்கள். அங்கே வாரம் முழுக்கப் பழகுகிறார்கள், நமக்கு ஒன்றரை மணி நேரம். தொடர்ந்து வந்தவர்களுக்கு வரவுக் கடிதம் தருவோம். கலர் பட்டி கட்டுவதில்லை என்று செயற்குழு பெரும்பான்மையால் முடிவெடுத்தது.

இதைப்போல இன்னொன்று. வகுப்புச் சுவரொட்டியில், 1521 இல் பிலிப்பைன்ஸின் மக்டான் தீவில் அங்கிருந்த தலைவர் லாபுலாபு, ஐரோப்பாவிலிருந்து வந்த கடலோடி மகெல்லனை இந்தக் கலையால் வீழ்த்தினார் என்று போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சொல்லியும் கொடுக்கிறோம். ஆனால் அந்தச் சண்டையில் கூட இருந்து எழுதிவைத்த பிகாபெட்டா சொல்வது அம்பு, மூங்கில் ஈட்டி, கல், வாள். அவர் எழுதாததை நாம் சுவரில் ஒட்டவேண்டாம் என்று தலைவர் சொன்னார். சரி என்று விட்டுவிட்டோம்.

மண்டபம் பற்றிச் சுருக்கமாக: 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானதும் வாடகை கூடியது. அந்த ஆண்டு ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் மின்கட்டணம் குறைந்தபோது வாடகை குறையவில்லை. கேட்டோம், மண்டபக்காரர்கள் சிரித்தார்கள். கால்நகர்வுக்காக நிலத்தில் டேப்பால் ஒட்டிய முக்கோணங்கள் கறை பிடிக்கின்றன என்று கடிதம் வந்தது, சுண்ணக்கட்டிக்கு மாறிவிட்டோம். அழித்துவிட்டுப் போவதற்கு வாரம் ஒரு குடும்பம் என்று முறை வைத்திருக்கிறோம்.

வரும் ஆண்டுக்காகச் சபையின் அங்கீகாரத்தை வேண்டி மூன்று விடயங்கள் இருக்கின்றன. முதலாவது, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் குடும்பங்கள் 155 பஸ்ஸில் ஞாயிறு காலையைக் கரைக்கின்றன. மாதத்தில் ஒரு வகுப்பை அந்தப் பக்கம் வைக்க இடம் தேடவேண்டும். இரண்டாவது, மூன்றாவதாக ஒரு பயிற்றுநர் உருவாகவேண்டும். மாதக் கடைசியும் இரவு ஷிப்ட்டும் ஒரே ஞாயிறில் விழுந்தால் இப்போது காற்றில்தான் அடிக்கிறோம். ஜோடியாக நின்று பழகும் அம்மாமாரில் ஒருவரை மாஸ்டர் மனதில் வைத்திருக்கிறார். அவர் இன்னும் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்ற நிலையில் இருப்பதால் பெயரை இங்கே சொல்லவில்லை. மூன்றாவது, மண்டபத் திறப்பு இப்போது என் ஒருவனிடம்தான் இருக்கிறது. நான் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில் அதை வாங்கி வைத்திருக்க, மண்டபத்துக்கு நடந்து வரக்கூடிய ஒருவர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கொழும்பு – 06