முன்னாள் உறுப்பினர், வயது 27

ஏற்காடு,
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருப்பதால் பதில் எழுதச் சுணங்கிவிட்டேன். ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. களத்தில் பழம் கிளறுவதும் நானும் என் மனைவியும்தான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான். நீ கேட்டிருந்த கேள்விக்கு வந்துவிடுகிறேன், ஏனெனில் சென்ற வாரம் என் களத்துக்கே வந்து ஒருத்தி அதைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறாள்.

"இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குப் போய் என்ன கிழித்துவிடப் போகின்றன?" என்று எழுதியிருந்தாய். 1984 டிசம்பரில் நாம் இருவரும் சேலத்தில் வாக்களித்துவிட்டு வந்து, தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டது உனக்கு நினைவிருக்கும். அன்று நமக்கு வயது 23. வாக்குரிமை வயது 21 ஆக இருந்த காலம் அது. 18 ஆகக் குறைந்தது 1989 மார்ச்சில்தான். ரங்கராஜன் குமாரமங்கலம் 32 வயதில் சேலத்தில் நின்றார். இளைஞர் வரட்டும் என்றேன் நான். நீயோ, "தாத்தா சுப்பராயன் மாகாணத்தின் முதன்மை அமைச்சர், அப்பா மத்திய மந்திரி, அத்தை கோவை எம்.பி.; இவர் வராமல் வேறு யார் வருவார்?" என்றாய். சேலம் அவரை 84, 89, 91 என்று மூன்று முறை அனுப்பியது. அவர் மாணவர் காங்கிரஸில் தொடங்கியவர், உழைத்தவர், மந்திரியாகவும் நன்றாகவே பணியாற்றியவர் என்பதை நீயும் பின்னாளில் ஒப்புக்கொண்டாய். ஆனாலும் அன்று நீ சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு இப்போதுதான் முழுதாக உறைக்கிறது.

2024 தேர்தலில் இருபத்தைந்தை ஒட்டிய வயதில் வென்றவர்கள் என்று நான்கு பேரைப் பத்திரிகைகள் கொண்டாடின. உத்தரப் பிரதேசத்தின் கௌசாம்பியில் வென்ற புஷ்பேந்திர சரோஜின் தந்தை அதே தொகுதியில் 2019இல் நின்று தோற்றவர். அதே மாநிலத்து மச்லிசகரின் பிரியா சரோஜின் தந்தை மூன்று முறை எம்.பி.யாக இருந்தவர். சமஸ்திபூரின் சாம்பவி சௌத்ரியின் தந்தை அப்போது பீகார் அமைச்சர். நான்காவதாக ராஜஸ்தானின் பரத்பூரில் வென்ற சஞ்சனா ஜாடவ் மட்டும் வேறு வழியில் வந்தார்: ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) உறுப்பினராக இருந்தார், 2023 சட்டமன்றத் தேர்தலில் 409 வாக்கில் தோற்றார், ஆறே மாதத்தில் மறுபடி நின்று நாடாளுமன்றம் போனார். அவர் கணவர் காவல்துறையில் கான்ஸ்டபிள். 409 வாக்கில் தோற்றவளுக்கு மறுபடி சீட்டுக் கொடுத்த கட்சியைப் பற்றி வேறு என்ன சொன்னாலும், அந்த ஒரு காரியத்துக்காக ஒரு கும்பிடு போடலாம். முதல் மக்களவையில் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர். 2024இல் அமைந்த அவையில் நாற்பதும் அதற்குக் கீழும் சேர்த்தே நூற்றுக்கு 11 பேர்தான். குடியரசுக்கு வயது ஏற ஏற அதன் அவைக்கும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இனி, களத்துக்கு வந்தவளைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்து ஊர்ப் பெண், மலையாளிப் பழங்குடி (கேரளத்தாரோ என்று உன் பேரப்பிள்ளைகள் கேட்டால், இல்லை, இந்த மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி என்று சொல்). சேலத்தில் சட்டம் படித்தவள். 2019 இறுதியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, இருபத்தொரு வயது நிரம்பிய கையோடு ஊராட்சி வார்டில் நின்று வென்றாள். கிராம ஊராட்சி உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் அவளுக்குக் கட்சியும் இல்லாமல் போயிற்று. ஐந்தாண்டில் அவள் சாதித்தவை, மேட்டுத் தெருவுக்குக் குடிநீர் ஏற்ற ஒரு மின்மோட்டாரும், நூறுநாள் வேலை அட்டையில் பெயர் விடுபட்டவர்களைத் திரும்பச் சேர்த்ததும். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போயிற்று. அதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் தேர்தலே நடக்காமல் இருந்த மாநிலம்தானே இது. ஆக, 27 வயதில் அவள் முன்னாள் உறுப்பினர். இந்த வயதில் முன்னாள் ஆகிவிடுகிற பதவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வந்தவள் சும்மா நிற்கவில்லை. பலகையை எடுத்து என்னோடு சேர்ந்து பழத்தைத் தள்ளிக்கொண்டே பேசினாள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, நாடாளுமன்றத்துக்கு நிற்க ஆசை என்று சொல்லி, பையிலிருந்து வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தின் நகலை எடுத்தாள். படிவம் 26. பழகிப் பார்ப்பதற்காகப் பென்சிலால் நிரப்பியிருந்தாள். அசையும் சொத்து என்ற கட்டத்தில் தோடு ஒரு ஜோடி. வாகனம் என்ற இடத்தில் ஸ்கூட்டர் என்று எழுதி, அது அம்மா பெயரில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து அடித்திருந்தாள். வங்கிக் கடன் கட்டத்தில் மட்டும் இடம் போதவில்லை, கல்விக்கடன்.

சட்டமன்றத்துக்கு முயலலாமே, ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதிதானே என்றேன். அவள் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அவளுடைய சித்தி ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். இங்கே சேர்வராயன் மலையில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அதே சமூகம், அங்கே பர்கூரில் பட்டியலில் இல்லை. மலை மாறினால் சாதிச் சான்றிதழ் மாறுகிறது. சித்தி பிள்ளைகளுக்கு அது இன்றுவரை கிடைக்கவில்லை. பட்டியலை மாற்றச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அரசியலமைப்பின் 342ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். நரிக்குறவரும் குருவிக்காரரும் 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே பட்டியலில் ஏறினார்கள். "அதனால்தான் டில்லி, ஐயா. சென்னைக்குப் போய் நான் கேட்டால், நாங்கள் பரிந்துரைக்கிறோம் என்பார்கள்" என்றாள்.

இங்கேதான் எனக்கு வாய் அடைத்தது. அவள் வாக்களிப்பது கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில். ஏற்காடு அதில் ஆறில் ஒன்று, வாக்காளர்கள் பதினைந்து லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஆதிதிராவிடருக்கு ஏழு தனித் தொகுதிகள் உண்டு, பழங்குடிக்கு ஒன்றுகூட இல்லை. ஒடிசாவின் கியோஞ்சரில் சந்திராணி முர்மு 2019இல் 25 வயதில் வென்றார் என்றால், அது பழங்குடித் தொகுதி, தாய்வழித் தாத்தாவும் எம்.பி.யாக இருந்தவர், மூன்றில் ஒரு பங்கு சீட்டைப் பெண்களுக்கு என்று கட்சி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. மூன்றும் ஒன்றுசேர்ந்த பிறகே வழி திறந்தது. இவளுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. டெபாசிட் பழங்குடியினருக்கு 12,500 ரூபாய்தான், அதை ஊரே சேர்த்துக் கொடுத்துவிடும். ஆனால் செலவு உச்சவரம்பு 95 லட்சம் என்று விதி வைத்திருப்பது எதைக் காட்டுகிறது? சுயேச்சையாக நின்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் கிடைப்பார்கள். டெபாசிட்டைக் காப்பாற்றத் தேவையான ஆறில் ஒரு பங்கு வாக்குக் கிடைக்காது. கட்சியில் நிற்க வேண்டுமானால் கிளை, ஒன்றியம், மாவட்டம் என்று ஒவ்வொரு படியிலும் பத்தாண்டு சுவரொட்டி ஒட்டிவிட்டு, விருப்ப மனுவோடு நேர்காணலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் இளைஞர் என்ற சொல் நரைத்துவிடும்.

அப்படியே போனாலும் உன் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னபடி கைதூக்காதவர் பதவி இழப்பார். அமைச்சர் அல்லாதவர் கொண்டுவரும் தனி உறுப்பினர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒதுக்கப்படுகிறது. இதுவரை 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970இல். இதை அவளிடம் சொன்னேன், பயமுறுத்துவதற்காக என்றே வைத்துக்கொள். "மோட்டாருக்கும் பதினேழு முறை மனு கொடுத்தேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: வயதைப் பற்றி நீயும் நானும் நாற்பது ஆண்டாகச் சண்டை போட்டிருக்க வேண்டியதே இல்லை. இருபத்தைந்தில் வந்தாலும் ஐம்பதில் வந்தாலும், வார்டுக் குழாயடியில் திட்டு வாங்கிப் பழகிவிட்டு வருகிறவர் வேறு, வீட்டுக்கூடத்தில் மாலை வாங்கிப் பழகிவிட்டு வருகிறவர் வேறு. முன்னவர் ஏறி வர வேண்டிய ஏணியின் கீழ்ப்படியைத்தான் நாம் அவ்வப்போது தனி அலுவலரிடம் கொடுத்துப் பூட்டி வைத்துவிடுகிறோம்.

அவள் ஏதாவது கட்சியில் சேர வேண்டும் என்பது என் யோசனை. எந்தக் கட்சி என்பதில் நானும் என் மனைவியும் ஒத்துப்போகவில்லை, அந்தக் கதை வேண்டாம். 2029 வரை நேரம் இருக்கிறது. அதற்கு முன் உள்ளாட்சித் தேர்தல் வந்தால் ஒன்றியக் குழுவுக்கு நிற்கப்போவதாகச் சொல்கிறாள். அது கட்சிச் சின்னத்தில் நடப்பது.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். முப்பது ஆண்டு டில்லி அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நீ. நரிக்குறவர் மசோதா மீது இரு அவைகளிலும் நடந்த விவாதத்தை எடுத்து, யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள், அமைச்சர் என்ன பதில் கொடுத்தார் என்பதை மட்டும் தமிழில் நாலைந்து பக்கத்துக்குச் சுருக்கி அனுப்பு. மாநில அரசின் பரிந்துரை எந்த ஆண்டு போயிற்று, எத்தனை ஆண்டு எங்கே கிடந்தது என்பதும் வேண்டும். பர்கூருக்கு மனு எழுத அவளுக்கு அது தேவைப்படுகிறது. மாசி பிறப்பதற்குள் வந்தால் நல்லது. தபால்காரர் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே ஏறி வருகிறார், அதனால் முகவரியில் என் செல்பேசி எண்ணையும் எழுதிவிடு.

அன்புடன்,
உன் ஏற்காட்டு நண்பன்