போர்ட்லாண்ட் (மேயின் மாநிலம், அமெரிக்கா) உள்ளூர் வரலாற்றுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் சில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. கோடைச் சுற்றுலா, பஸ் அமையாததால் நடக்கவில்லை. பழைய புகைப்படங்களுக்குப் பட்டியல் போடும் வேலை பாதியில் நிற்கிறது.

உருப்படியாக நடந்தது ஹோல்மன் மெல்ச்சர் கண்காட்சி ஒன்றுதான். அது செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் 1889, 1890 இரண்டு ஆண்டுகள் இந்த ஊருக்கு மேயராக இருந்தவரைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஆண்ட்ராஸ்காகின் ஆற்றங்கரையில் டாப்ஷமில் 1841ல் பிறந்தவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1862ல், வடக்குத் தரப்பில் நம் மாநிலத்தின் 20ஆம் மேயின் படைப்பிரிவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கில், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் லெப்டினன்டாக நின்றார். தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. காயம்பட்ட நம் ஆட்கள் வரிசைக்கு முன்னால் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கிவர முன்னே போகட்டுமா என்று படைப்பிரிவின் தலைவர் கர்னல் சேம்பர்லினிடம் கேட்டவர் மெல்ச்சர். பயனெட்டோடு, அதாவது துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு, படை கீழே இறங்கியபோது வாளுடன் முதலில் பாய்ந்தவரும் அவரே என்று அதே படையில் இருந்தவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த நாள் வீரத்துக்கான ‘மெடல் ஆஃப் ஆனர்’ பதக்கம் 1893ல் சேம்பர்லினுக்கு வந்தது. அவருக்குத் தகுதி இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருக்கு நாம் ஏற்கெனவே நான்கு கூட்டம் நடத்தியாயிற்று, அவ்வளவுதான்.

1864 மே மாதம் வர்ஜீனியாவில் குண்டடிபட்டுப் பிழைத்து, போர் முடிந்ததும் மெல்ச்சர் இங்கே மொத்த மளிகை வியாபாரத்தில் இறங்கினார். அப்புறம்தான் சுமார் 36,000 பேர் இருந்த ஊருக்கு மேயர். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். ஆனால் அதற்கு கண்காட்சியில் இரண்டு காட்சி அட்டைக்கு மேல் விஷயம் திரட்ட முடியவில்லை. அது என் குறை.

திறப்பு நாளில் வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நாற்காலி போட வருவதாகச் சொன்ன செயற்குழு உறுப்பினர்கள் வரவில்லை. பெயர்கள் வேண்டாம், நானே போட்டுவிட்டேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். அச்சுச் செலவு கொஞ்சம் கூடிவிட்டது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. கட்டாதவர்களும் கூட்டத்தில் காபியைத் தவறவிடுவதில்லை.

தலைவர், பொருளாளர், அரங்கம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

செயலாளர் பதவிக்கு மூன்றாவது ஆண்டாக வேறு பெயர் வரவில்லை. சரி, தொடர்கிறேன். வசந்தத்தில் கண்காட்சியை டாப்ஷமுக்குக் கொண்டுபோக எண்ணம். அட்டைகள் என் காரில் குறுக்காகக்கூட நுழையவில்லை. நம் உறுப்பினர்களில் மூவரிடம் வேன் இருப்பது எனக்குத் தெரியும்.