கண்ணில் பூ விழ வேண்டாம்: ஆல்பம் டிசைனர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் ஷீட்டுகளை அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கிற ஆள் நான். முகூர்த்த மாதம் வந்தால் கண் எரிவது வழக்கம்தான். இந்த ஆவணியில் எரிந்ததற்கு நீங்கள் வாரி இறைத்த ஸ்பார்க்கிளும், அதாவது நகைமேல் நட்சத்திரமாகப் போடும் மினுக்கலும், ஒரு காரணம்.

கோபத்தில் எழுதவில்லை. நானும் அதே தப்பைச் செய்தவன். டிசைனராக இருந்தபோது ஒரு மணப்பெண்ணின் மூக்குத்தி இன்னும் கொஞ்சம் மின்னட்டுமே என்று போட்டோஷாப்பின் நட்சத்திர பிரஷை எடுத்தேன். கை ஓடிய வேகத்தில் ஒரு பொட்டு விழிமேல் விழுந்துவிட்டது. முழு ஷீட்டையும் சுருக்கி வைத்துப் பார்த்ததால் தெரியவில்லை. ஆல்பத்தைப் புரட்டிய அம்மா, "என்ன தம்பி, எம் பொண்ணு கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கே?" என்றார். அந்த ஷீட்டை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அப்புறம்தான் இந்த மினுக்கல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். கல்லில் ஒளி பட்டுத் திரும்புகிறது, சரி. ஆனால் நட்சத்திரம் போல நீளும் அந்தக் கூர்கள் நகையில் இல்லை, லென்ஸில் இருக்கின்றன. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சரைச் சின்னதாக்கி எடுக்கும்போது, அதைச் சூழ்ந்த உலோக இதழ்களின் விளிம்பில் ஒளி வளைந்து பரவிக் கூராக நீள்கிறது. இதழ் 6 என்றால் கூரும் 6, 8 என்றால் 8. ஒற்றைப்படையில் 7 இருந்தால் இரட்டித்து 14. பிலிம் காலத்து ஸ்டுடியோ அண்ணன்மார் கோடு கீறிய கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் மாட்டிக் குத்துவிளக்குச் சுடரை எடுப்பார்களே, அந்த ஸ்டார் ஃபில்டரிலும் கோடுகள்தான் கூரைத் தீர்மானித்தன. ஆகவே ஒரு படத்தில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் எல்லாவற்றிலும் கூர் எண்ணிக்கை ஒரே மாதிரி, சாய்வும் ஒரே மாதிரி. ஜிமிக்கியில் நாலு, ஒட்டியாணத்தில் எட்டு, நெத்திச்சுட்டியில் ஒருக்களித்துப் படுத்த ஆறு என்று வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஒட்டவைத்தது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

போட்டோஷாப்பில் எஃப்5 தட்டினால் பிரஷ் செட்டிங்ஸ் வரும். நட்சத்திர பிரஷுக்குச் சாய்வை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆங்கிள் ஜிட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். அளவை மாற்றும் சைஸ் ஜிட்டரை ஏற்றிக்கொள்ளலாம். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி மின்னாது. நட்சத்திரங்களுக்கு இடையிலான தூரமான ஸ்பேஸிங்கை 100 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகாவிட்டால் நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெள்ளைப் புழு மாதிரி நெளியும். நட்சத்திரங்களைச் சிதறவிடும் ஸ்கேட்டரிங், பின்னணியில் தூவும் பொடிக்கு மட்டும். நகைமேல் இழுக்கவே வேண்டாம், ஒரு கல்லுக்கு ஒரு கிளிக். அதுவும் கல்லில் ஏற்கெனவே ஒரு வெளிச்சப் புள்ளி இருக்குமே, சரியாக அதன் நடுவில்.

நிறத்திலும் அவசரம் தெரிகிறது. சுத்த வெள்ளையில் குத்தினால் தங்கம் தகரமாகிவிடும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நகையின் பளிச்சென்ற இடத்தில் தொட்டால் அந்த நிறம் பிரஷுக்கு வந்துவிடும். அதை, கீழே உள்ள படத்தை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் மோடில், தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில்) வையுங்கள். அதே லேயரின் காப்பி ஒன்றைக் காஸியன் ப்ளர் கொடுத்து மங்கலாக்கி அடியில் போட்டால் மெல்லிய ஒளிவட்டம் கிடைக்கும்.

இன்னொன்று, மானிட்டர் தானே ஒளிர்கிறது, பேப்பர் ஒளிராது. பேப்பரின் வெள்ளையைவிட வெளுப்பாக எதையும் அச்சடிக்க முடியாது. வெள்ளைப் பின்னணியில் நீங்கள் போட்ட 40 நட்சத்திரங்களும் அச்சில் காணாமல் போவதற்கு அச்சடிக்கும் லேப்பைத் திட்டிப் பயனில்லை. அரக்குப் பட்டில் நாலே நாலு வையுங்கள், சுற்றி லேசாகப் பர்ன் செய்து இருட்டாக்குங்கள். ஜொலிக்கும்.

கிடைத்த இடத்திலிருந்து இறக்கிய பிரஷ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12க்கு 36 அங்குல ஷீட் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 10,800 பிக்சல் நீளம். 200 பிக்சலில் செய்த பிரஷை அதில் ஆயிரத்துக்கு இழுத்தால் பஞ்சு மிட்டாய்தான். சொந்தமாகச் செய்ய பத்து நிமிடம் போதும். பெரிய வெள்ளை ஃபைலில் மெலிந்து நீண்ட இரண்டு கறுப்பு நீள்வட்டங்களைக் குறுக்கே போட்டு, நடுவில் மிருதுவான ஒரு கறுப்புப் புள்ளி வைத்து, எடிட் மெனுவில் டிஃபைன் பிரஷ் ப்ரீசெட் கொடுங்கள். கறுப்பு இருந்த இடம் நிறம் பூசும், வெள்ளை இருந்த இடம் பூசாது, சாம்பல் பாதி பூசும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களும் இதே மாதிரி செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். மினுக்கல் லேயருக்குத் தயவுசெய்து ஒரு பெயர் வையுங்கள். "ஸ்பார்க்கிள்" என்றாலே போதும். ராத்திரி இரண்டு மணிக்கு, மாப்பிள்ளையின் மீசையில் மின்னும் நட்சத்திரத்தை எடுக்க, "லேயர் 47 காப்பி 3" எது என்று லேயர் பட்டியலில் ஒவ்வொரு கண் ஐகானாக மூடித் திறந்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அச்சுக்கூடத்துக் கடைசிக் கண்