அம்மையின் மூட்டுவலிப் பொடி

அன்புள்ள சுடலை,

இங்கே எல்லாரும் சுகம். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது.

அம்மைக்கு யாரோ கொடுத்த பொடியில் மூட்டுவலி மூன்றே நாளில் பறந்துவிட்டது என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எங்கள் தெருப் பெரியம்மை ஒருத்தியும் இப்படித்தான் பெயரில்லாத பொட்டலம் வாங்கித் தின்றாள். வலி போனது. அப்புறம் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொடியில் ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அமுக்குகிற மருந்து, கலந்திருக்கும் என்றார் டாக்டர்.

மூலிகையை நான் பழிப்பேனா? பொதிகை மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு அந்த எண்ணம் வருமா? பல்வலிக்குக் கிராம்பைக் கடித்தால் மரத்துப்போவது அதிலுள்ள யூஜெனாலால்தான். பல் டாக்டர்களும் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் முதலில் எரியும், தொடர்ந்து பூசினால் வலியைச் சொல்லும் நரம்பு நுனிகள் ஓய்ந்துவிடும். அந்தக் காரம் நரம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் வேலியோரச் செங்காந்தளையே எடுத்துக்கொள். அதிலுள்ள கோல்கிசின்தான் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மாத்திரை, அதுவும் அரை மில்லிகிராம் அளவில். அதே செடியின் கிழங்கைத் தின்றால் உயிரே போய்விடும். செடிக்குள் இருப்பது நிஜமான மருந்து, சுடலை. அதனால்தான் என்ன செடி, எவ்வளவு என்று தெரியாமல் அம்மை வாயில் போடக் கூடாது என்கிறேன். வயதானவர்களின் வருஷக்கணக்கான வலியைப் பச்சிலை மூன்று நாளில் துடைத்துவிடாது. துடைத்தால் சந்தேகப்படு.

ஆனால் பதறிப்போய்ப் பொடியைச் சட்டென்று நிறுத்திவிடாதே. ஸ்டீராய்டை வெளியிலிருந்து வாரக்கணக்கில் கொடுத்தால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே மயங்கிவிடலாம். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ, பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொள். சர்க்கரையும் பிரஷரும் பார்க்கச் சொல். வெறும் இலைப்பொடிதான் என்று தெரிந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

பச்சிலை வைத்தியம்தான் வேண்டும் என்று அம்மை பிடிவாதம் பிடித்தால் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வா. படித்த வைத்தியர்கள் நாடி பார்த்து, அளவு சொல்லித் தருவார்கள். நம் வீட்டிலேயே தங்கலாம். முடக்கத்தான் தோசையும் நொச்சியிலை ஒத்தடமும் என் பொறுப்பு.

மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் பண்ணு.

உன்,
முத்தையா